முப்பத்தேழாம் நம்பர் பெட்டி

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வேண்டாங்க. ஆழியாறு தாண்டிட்டா நாப்பது வளைவு, கீழ பார்த்தா எனக்குத் தலை சுத்தும். இத்தனை வருஷம் போய்ட்டு வந்தும் அது மட்டும் பழகலைங்க.

மகளைப் பார்க்கப் போறீங்களா? எஸ்டேட் ஆஸ்பத்திரியில நர்ஸுங்களா? அப்ப அவங்களுக்கு அந்த லைட்டு தெரிஞ்சிருக்கும். தெரு லைட்டு இல்லைங்க. தேயிலைத் தொழிலாளிங்க இருக்கற லயன் வீடுகளுக்குப் போற பாதையில, கம்பத்து மேல ஒரு லைட்டு இருக்கும். அது சிவப்பா எரிஞ்சா பக்கத்துல ஆனை நிக்குதுன்னு அர்த்தம். ஆளுங்க அந்தப் பாதையில கால் வைக்க மாட்டாங்க. என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல, அதான் என் வேலை. லைட்டு போடறது இல்லைங்க, லைட்டு எப்ப எரியணும்னு முடிவு பண்ற சாஃப்ட்வேர் எழுதறது. கோயமுத்தூர்ல சின்னக் கம்பெனி. ஆரம்பத்துல மொத்தமே அஞ்சு பேரு. இப்ப அறுபது பேரு இருக்கோம்.

நல்ல வேலைன்னு சொல்றீங்க. எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க.

நம்ம போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது. ஒண்ணு சொல்லட்டுங்களா? உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. இன்னிக்கு மேல போய் இதை நான் நாலு பேருக்கு முன்னால சொல்லணும். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கறேன். போரடிச்சா சொல்லுங்க, நிறுத்திக்கறேன்.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடறேன். மரத்துல, ஆனைக்கு எட்டாத உயரத்துல, டிபன் பாக்ஸ் சைஸுல ஒரு பெட்டியைக் கட்டுவோம். ஆனை நடந்தா மண்ணு அதிரும். அதோட உடம்புச் சூடும் தெரியும். ரெண்டையும் பெட்டி கண்டுபிடிச்சு, பக்கத்துப் பெட்டிக்கு ரேடியோவுல சொல்லும். அது அடுத்ததுக்குச் சொல்லும். இப்படிக் கை மாறிக் கை மாறி ஃபேக்டரியில இருக்கற கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். கம்ப்யூட்டர் லைட்டைப் போடும். பெட்டிக்குப் பெட்டி வயர் கிடையாது. கரண்டு கிடையாது. எல்லாமே பேட்டரிதான்.

முதல்ல பதினாலு பெட்டி வெச்சோம். ஒரே மேடு, ஒரே பாதை. ஆறு மாசம் ஒரு ஆனையைக் கூடத் தவற விடலைங்க. எஸ்டேட்காரங்க அசந்து போய்ட்டாங்க. உடனே மொத்த எஸ்டேட்டுக்கும் போடுங்கன்னுட்டாங்க. இருநூத்திப் பத்து பெட்டி.

இப்ப பாருங்க சார், பதினாலுல ஓடறது அப்படியே இருநூத்திப் பத்துல ஓடும்னு நினைக்கறவன் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது. எனக்கு அது தெரியும். அதுல நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லலைங்க, இதைச் சொல்லாம மத்தது புரியாது. கல்யாண மண்டபத்துல பத்துப் பேரு பேசுனா ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கும். ஆயிரம் பேரு ஒரே நேரத்துல பேசுனா யாரு பேச்சும் யாருக்கும் கேட்காது. கத்திக் கத்தித் தொண்டைதான் போகும். அதேதான் ஆச்சு. ஒரு ஆனைக்கூட்டம் தேயிலைக்குள்ள நடந்தா இருபது பெட்டி ஒண்ணாக் கத்துது. மெசேஜோட மெசேஜ் மோதி முக்காவாசி ஃபேக்டரிக்கு வர்றதில்ல. திரும்பத் திரும்பக் கத்தி, ரெண்டு மாசம் வர வேண்டிய பேட்டரி ஒம்பது நாள்ல காலி. போதாததுக்கு, வந்து சேர்றதும் ஆனை போனதுக்கப்புறம் வந்து, எல்லா லைட்டும் எப்பவும் சிவப்பா எரியுது. எப்பவும் எரியற லைட்டை யாருங்க மதிப்பாங்க?

எங்க முதலாளி ராஜரத்தினம் சார் தலையில கைய வெச்சுட்டாரு. "தண்டபாணி, நீ ஏதாவது பண்ணுனாத்தான் உண்டு"ன்னாரு.

பண்ணுனேனுங்க. ஒரே ஒரு ரூல். பக்கத்துப் பெட்டி 'ஆனை இருக்கு'ன்னு சொல்லிருச்சா? அதுக்கப்புறம் கால் மணி நேரத்துக்குள்ள உனக்கும் ஆனை தெரியுதா? அது அதே ஆனைதான். அவன் சொல்லிட்டான்ல, நீ சும்மா இரு. அவ்வளவுதான். இருபது பெட்டி கத்தற இடத்துல ஒண்ணு மட்டும் பேசும். பேட்டரி மூணு மாசம் வந்துச்சு. ரேடியோ சுத்தமாயிருச்சு. இருநூறு என்ன, ரெண்டாயிரம் பெட்டி வெச்சாலும் தாங்கும். இன்னிக்கும் சொல்றேன், அந்த ரூல் தப்பில்லைங்க. உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க.

அந்த எஸ்டேட்ல பெட்டிகளைப் பார்த்துக்கறதுக்கு ஒருத்தரை எங்களுக்குக் குடுத்திருந்தாங்க. அருளப்பன். எனக்கு ஒரு அஞ்சாறு வயசு மூத்தவரு. தாத்தா காலத்துல திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தேயிலைக்கு வந்த குடும்பம். பேட்டரி மாத்தறது, லென்ஸ் மேல சிலந்தி வலை கட்டுனாத் துடைக்கறது, காத்துல மரம் விழுந்தா வேற மரத்துல கட்டறது, எல்லாம் அவருதான். எந்தப் பெட்டி எங்க இருக்குன்னு நான் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லுவேன். அவரு கண்ணை மூடிட்டுச் சொல்லுவாரு.

புது ரூலை ஏத்தப் போற அன்னிக்கு, ஃபேக்டரி ரூம்ல உக்காந்து அவருகிட்டயும் சொன்னேன். ஒரு மரியாதைக்குத்தானுங்க. அவரு முழுசாக் கேட்டுக்கிட்டாரு. அப்புறம், "சார், பக்கத்துப் பெட்டின்னு எதைச் சொல்றீக?"ன்னாரு.

"ரேடியோ எதோட நேராப் பேச முடியுதோ அது பக்கத்துப் பெட்டி"ன்னேன்.

"முப்பத்தேழும் நூத்திப் பன்னெண்டும் பேசுமா?"

பார்த்தேன். பேசுது. நல்லாவே பேசுது.

"அது ரெண்டும் வேற வேற மேடு சார். நடுவுல ஓடை. ரேடியோ குறுக்க பறந்து போயிரும். ஆனை இறங்கி ஏறணும்லா? முக்கா மணி நேரம் ஆகும் அதுக்கே. அங்க நிக்கறதும் இங்க நிக்கறதும் எப்படி சார் ஒரே ஆனையா இருக்கும்?"

சொன்னதோட விடலைங்க. சுவத்துல தொங்கற காலண்டர்ல முடிஞ்சு போன மாசத்தைக் கிழிச்சு, அதுக்குப் பின்னாடி படம் வரைஞ்சு காட்டுனாரு. எங்க மேடு, எங்க ஓடை, ஆனை எந்த வழியா இறங்கும், எந்தப் பெட்டிக்கு எது நெசமான பக்கம். பேனா ஓடுன வேகம் இன்னும் கண்ணுல இருக்குது.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அண்ணே, அதெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கும்"னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன். திட்டலைங்க. அந்தக் காகிதத்தை மடிச்சு லேப்டாப் பையில வெச்சுக்கிட்டேன், அவரு மனசு நோகக் கூடாதுன்னு. அடுத்த வாரம் வேற ஒரு எஸ்டேட்டுக்காரங்க பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள ஓடியாகணும். அந்த அவசரம் எனக்கு.

நாலு மாசம் நல்லா ஓடுச்சு.

பேச்சியம்மான்னு ஒரு அம்மா. பால்வாடியில ஆயா வேலை. அம்பது வயசு இருக்கும். நான் ஃபேக்டரிக்குப் போனா வழியில பார்ப்பேன். "லைட்டு தம்பி வந்தாச்சா"ம்பாங்க. எனக்கு அந்த எஸ்டேட்ல பேரே 'லைட்டு தம்பி'தான். முன்னெல்லாம் அந்தம்மா பால்வாடியைப் பூட்டிட்டு, இலை எடுக்கற பொம்பளைங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் காத்திருந்து, அவங்களோட கூட்டமாத்தான் லயனுக்குப் போவாங்களாம். லைட்டு வந்ததுக்கப்புறம் காத்திருக்கறதை விட்டுட்டாங்க. லைட்டைப் பார்ப்பாங்க, சிவப்பு இல்லைன்னா தனியா நடந்துருவாங்க. "உன் புண்ணியத்துல முக்கா மணி நேரம் முன்னாடி வீட்டுக்குப் போறேன் தம்பி"ன்னு என்கிட்டயே சொல்லியிருக்காங்க.

நவம்பர் மாசம், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. தூறல், மஞ்சு மூட்டம். லைட்டு சிவப்பா இல்லை. அந்தம்மா நடந்தாங்க. முப்பத்தேழாம் நம்பர் பெட்டி இருக்கற வளைவுல, மேட்டு மேல இருந்து ஒத்தை ஆனை இறங்கியிருக்கு.

தண்ணி வேணுங்களா சார்? இல்லைங்களா. நான் கொஞ்சம் குடிச்சுக்கறேன்.

தகவல் வந்ததும் நானும் முதலாளியும் கிளம்பி மேல போய்ட்டோம். மறுநாள் காலையில ஏழு மணிக்கு நானும் அருளப்பனும் அந்த வளைவுக்குப் போனோம். பாதையில அந்தம்மாவோட குடை கெடந்துச்சு. யாரும் எடுக்கலை. அருளப்பன் மரத்துல ஏறிப் பெட்டியை அவுத்துட்டு வந்து என் கையில குடுத்தாரு. "பேட்டரி ஞாயித்துக்கிழமைதான் சார் மாத்துனேன். ஏன் சொல்லலைன்னு கேளுங்க சார் அதை"ன்னாரு. ஒரு ஆளுகிட்டக் கேக்கற மாதிரி.

ஒவ்வொரு பெட்டியும் தான் பார்த்ததை எல்லாம் தனக்குள்ள எழுதி வெச்சுக்கும் சார். வெளிய சொன்னாலும் சொல்லாட்டியும் எழுதி வெச்சுக்கும். அதுவும் நான் பண்ணுனதுதான். கேபிளைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தேன். அங்கயே, ஒரு கல்லு மேல வெச்சு. அருளப்பன் என் தோளுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டு இருக்காரு.

நாலே வரிங்க. அஞ்சு நாப்பத்தேழு, ஆனை தெரிஞ்சுது. பக்கத்துப் பெட்டி நூத்திப் பன்னெண்டு ஏழு நிமிஷம் முன்னாடியே சொல்லிருச்சு. அதனால நான் சொல்லலை. பேட்டரி எம்பத்தெட்டு சதவீதம்.

நூத்திப் பன்னெண்டுல நின்னது ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம். அந்தப் பக்கத்து லைட்டு ஒழுங்கா எரிஞ்சிருக்கு.

எல்லாம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அருளப்பன் தமிழ் படிப்பாரு, இங்கிலீஷ் தெரியாது. அவரு கண்ணுக்கு முன்னால, ஒரு அடி தூரத்துல இருந்துச்சுங்க. "என்ன சார் சொல்லுது?"ன்னு கேட்டாரு.

"பார்க்கணும்ணே"ன்னேன்.

லேப்டாப்பை மூடிட்டேன்.

பத்து மணிக்கு ஃபேக்டரி ஆபீஸ்ல கூட்டம். எஸ்டேட் மேனேஜர், யூனியன்ல இருந்து ரெண்டு பேரு, ராஜரத்தினம் சார், நான். அருளப்பன் கதவுகிட்ட நின்னுட்டு இருந்தாரு. வெளிய ஜனம். அந்தம்மாவோட வீட்டுக்காரர் சுடலையாண்டி வாசப்படியில உக்காந்திருந்தாரு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு.

மேனேஜர் கேட்டாரு: "லைட்டு ஏன் எரியலை?"

ராஜரத்தினம் சாருக்கு அப்ப ஒண்ணும் தெரியாதுங்க. நான் இன்னும் சொல்லலை. அவரு கம்ப்யூட்டர்ல பார்த்ததைச் சொன்னாரு: "முப்பத்தேழுல இருந்து மெசேஜே வரலை. பெரும்பாலும் பேட்டரி போயிருக்கும்."

சொல்லிட்டு என்னைப் பார்த்தாரு. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. முன்னால டீ வெச்சிருந்தாங்க. நான் டீயைப் பார்த்தேன். கழட்டுன பெட்டி என் பைக்குள்ளதான் இருந்துச்சு.

நான் ஆமான்னு சொல்லலை சார். அதை நீங்க கவனிக்கணும். பேட்டரிதான்னு என் வாயால ஒரு வார்த்தை நான் சொல்லலை. அவரு சொல்லிட்டாரு, நான் சும்மா இருந்துட்டேன். அவ்வளவுதான்.

"பேட்டரி மாத்தறது யாரு?"ன்னாரு மேனேஜர்.

"நாந்தான் சார். ஞாயித்துக்கிழமை மாத்துனேன்."

"முப்பத்தேழுலயா?"

"அந்த வரிசை பூரா மாத்துனேன் சார்."

யூனியன்காரர் ஒருத்தர், "பழசைக் கழட்டிப் பழசையே திருப்பிப் போட்டிருந்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா, ஒரு உசுரு போயிருக்கு"ன்னாரு.

அருளப்பன் என்னைப் பார்த்தாரு. நான் ஏதாவது சொல்லுவேன்னு பார்த்தாரு. நான் நிமிரலை. அப்புறம் அவரு கொஞ்சம் தடுமாறுனாருங்க. "மழை பெஞ்சுச்சு சார்... பழசும் புதுசும் ஒரே பையிலதான் இருந்துச்சு... மாத்துனேன் சார்... மாத்துனதாத்தான் நெனைக்கேன்"ன்னாரு. அந்த 'நெனைக்கேன்'ல முடிஞ்சு போச்சு. வெளிய சத்தம் கிளம்பிருச்சு. அவரு வெளிய போறப்ப சுடலையாண்டி எந்திரிச்சு நின்னு அவரு மூஞ்சில துப்புனாரு. அருளப்பன் துடைக்கலை. கையைக் கட்டிட்டு அப்படியே நின்னாரு.

ஜன்னல் வழியா நான் பார்த்தேன்.

கீழ இறங்கறப்ப, இதே ரோட்டுல, கார்ல வெச்சு முதலாளிகிட்டச் சொன்னேன். பேட்டரி இல்ல சார், என் ரூல்தான்னு. அவரு கார்க் கண்ணாடியை ஏத்திவிட்டாரு. அப்புறம், "நல்லவேளை அங்க சொல்லலை. கம்பெனியே இருந்திருக்காது. சரி பண்ணிடு. வெர்ஷன் நம்பரை மட்டும் மாத்து, ஏன் மாத்துனோம்னு எங்கயும் எழுதாத"ன்னாரு. அவரைக் குறை சொல்ல மாட்டேங்க. அஞ்சு குடும்பம் அந்தக் கம்பெனியை நம்பி இருந்துச்சு. நான் மனசுல என்ன நெனச்சேன்னா, முதல்ல சரி பண்ணிடுவோம், இன்னொருத்தர் சாகக் கூடாது, அதுதான முக்கியம், அப்புறம் ஒரு நாள் அருளப்பன்கிட்டச் சொல்லிக்கலாம்.

சரி பண்ணறதுக்கு ஒரு வாரம் ஆச்சு. எதை வெச்சுப் பண்ணேன்? பையில மடிச்சு வெச்ச காலண்டர் காகிதத்தை வெச்சு. அவரு வரைஞ்சதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தி, எந்தப் பெட்டிக்கு எது நெசமான பக்கத்துப் பெட்டின்னு அதுல இருந்து எடுத்தேன். மத்த எஸ்டேட்டுக்கும் அதே முறைதான். மேப் வாங்கி, ஓடை பார்த்து, ஆனைத்தடம் பார்த்து. இப்ப மூணு ஜில்லாவுல ஆறாயிரம் பெட்டி ஓடுது. அதுக்கப்புறம் எங்க பெட்டி இருக்கற பாதையில ஒரு சாவு கிடையாதுங்க. ஒண்ணு கூடக் கிடையாது.

அருளப்பனைப் பெட்டி வேலையில இருந்து எடுத்துட்டாங்க. தேயிலை வேலையில வெச்சிருந்தாங்க, ஆனா லயன்ல யாரும் அவங்க வீட்டோட பேச்சு வெச்சுக்கலை. குழாயடியில அவரு சம்சாரம் ஜெபமணி குடம் வெச்சா, மத்தவங்க குடத்தை எடுத்துட்டுப் போயிருவாங்களாம். இது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சதும் நான் சும்மா இருக்கலைங்க. திருப்பூர்ல என் மாமன் ஒருத்தர் பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. அவருகிட்டச் சொல்லி அருளப்பனுக்கு வாட்ச்மேன் வேலை போட்டுக் குடுத்தேன். இருக்க ரூமும் குடுத்தாங்க. பொண்ணை அங்கயே ஸ்கூல்ல சேர்த்துட்டாரு. மலையை விட்டு இறங்கற அன்னிக்கு எனக்கு ஃபோன் பண்ணாரு. அழுதுட்டாருங்க. "ஊரே தூக்கி எறிஞ்சப்ப நீங்க ஒருத்தர்தான் சார் கை குடுத்தீக"ன்னாரு.

நான், "பரவால்லண்ணே"ன்னேன்.

பரவால்லண்ணேன்னு சொன்னேங்க.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஃபோன் வரும். முதல் வருஷம் எடுத்தேன். அடுத்த மூணு வருஷமும் அடிச்சு ஓயற வரைக்கும் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்.

இந்த ஜனவரி மாசம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க. பெரிய ஹால், நானூறு பசங்க. பதினாலு பெட்டியை ஆறாயிரம் ஆக்குன கதைதான். நல்லாப் பேசுவேங்க நானு. கல்யாண மண்டப உதாரணம் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் அந்த மேப் விஷயம். 'நில அமைப்பைப் புரிஞ்சுக்கற மாடல்'னு அதுக்கு இப்பப் பேரு வெச்சிருக்கோம். கை தட்டுனாங்க. கடைசியில கேள்வி கேக்கச் சொன்னப்ப, நாலாவது வரிசையில இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சுச்சு. கண்ணாடி போட்ட ஒல்லிப் பொண்ணு.

"சார், ரேடியோவுக்குப் பக்கத்துல இருக்கறதும் தரையில பக்கத்துல இருக்கறதும் ஒண்ணு இல்லைன்னு சொன்னீங்கல்ல, அது எப்ப சார் உங்களுக்குத் தெரிஞ்சுது?"

"டெஸ்டிங்ல"ன்னேன்.

"டெஸ்டிங்லயே பிடிச்சுட்டீங்களா சார்? சூப்பர் சார்"னு சொல்லிட்டு உக்காந்துருச்சு. நோட்டுல எழுதிக்கிச்சுங்க. நான் மேடையில இருந்து பார்த்தேன், தலையைக் குனிஞ்சு 'டெஸ்டிங்'னு எழுதுது.

நாலு வருஷமா நான் சும்மாத்தான இருந்தேன், பொய் சொல்லலையேன்னு ஒரு கணக்கு வெச்சிருந்தேன் சார். அன்னிக்கு அதுவும் போச்சு. நினைவுப் பரிசு குடுத்தாங்க, சால்வை போட்டாங்க. கார்ல வந்து உக்காந்தேன். கார் கிளம்பவே இல்லை. சாவி போட்டாத்தான கிளம்பும். சாவி கையிலயே இருந்துச்சு.

போன மாசம் திருப்பூர் போனேன். சாயங்காலம் நாலு மணி. கம்பெனி கேட்டுகிட்ட ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் எந்திரிச்சு ஓடி வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. நரைச்சுப் போய்ட்டாருங்க. "ஜெபமணி, யாரு வந்திருக்காகன்னு பாரு"ன்னு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்தம்மா காபி போட்டாங்க. பொண்ணு ஷெர்லின் பிளஸ் டூ படிக்குது. "இவுகதான் அப்பாவுக்கு வேலை வாங்கிக் குடுத்த சார்"னு சொன்னாரு. அந்தப் பொண்ணு வணக்கம் சொல்லுச்சு.

காபி குடிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்னு நெனச்சிருந்தேன். குடிச்சுட்டுத்தான் சொன்னேன். எப்படியோ சொன்னேன். பேட்டரி இல்லண்ணே, நீங்க மாத்தியிருந்தீங்க, எம்பத்தெட்டு சதவீதம் இருந்துச்சு, பெட்டி ஆனையைப் பார்த்துச்சு, சொல்லாதன்னு நான்தான் எழுதியிருந்தேன், அன்னிக்கே அந்தக் கல்லு மேல வெச்சுப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும். மூச்சு விடாமச் சொன்னேன்.

அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அவரு, "அப்ப நான் மாத்துனேனா சார்?"ன்னாரு.

"மாத்துனீங்கண்ணே."

"முப்பத்தேழுல? நெசமாவா?"

"நெசமாண்ணே."

"இல்ல சார், முதல்ல மாத்துனேன்னுதான் சொல்லிட்டு இருந்தேன். எல்லாரும் கேக்கக் கேக்க எனக்கே சந்தேகம் வந்துருச்சு. படுத்தா அந்த மரம்தான் வரும். ஏறுறேன், மூடியைத் திறக்கேன், அதுக்கு மேல நெனப்பு வர மாட்டேங்குது. அப்புறம் மாத்தலைன்னே முடிவு பண்ணிட்டேன். சுடலையாண்டி அண்ணன் கால்ல போய் விழுந்து, மறந்துட்டேன் அண்ணேன்னு சொல்லிட்டேன் சார். ஒத்துக்கிட்டா அவருக்காவது மனசு ஆறும்னு."

இதை நான் எதிர்பார்க்கலைங்க. பழி சுமக்கறாருன்னு தெரியும். நான் செஞ்சதைத் தான் செஞ்சதாவே நம்பிட்டாருங்கறது தெரியாது. வருஷா வருஷம் நவம்பர்ல மேல போய் அந்த வளைவுல மெழுகுவத்தி வெச்சுட்டு வர்றாராம். யாரு கண்ணுலயும் படாம.

"அப்ப நான் மாத்துனேன்தான"ன்னு இன்னொரு தடவை கேட்டாரு. அப்புறம் சம்சாரத்தைப் பார்த்து, "கேட்டியா? கேட்டியாளா?"ன்னாரு. அழலை. முகத்துல ஒரு மாதிரி வெளிச்சம் வந்துச்சு. அதைப் பார்க்க முடியலைங்க என்னால.

ஜெபமணி அம்மா கதவுல சாஞ்சு நின்னுட்டு இருந்தாங்க. அவங்க அழுதாங்க. நாலு வருஷமா அவங்களும் புருஷன் மறந்துட்டாருன்னுதான நம்பியிருக்காங்க. பேச்சுவாக்குல எத்தனை தடவை அதைச் சொல்லிக் குத்துனாங்களோ. அழுது முடிச்சுட்டு, நான் குடிச்ச டம்ளரை எடுத்துட்டே சொன்னாங்க: "எங்ககிட்டச் சொன்னது போதாது. இவரை எங்க வெச்சுத் துப்புனாங்களோ அங்க வந்து சொல்லணும். சுடலையாண்டி அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லணும். வருவீகளா?"

வர்றேன்னேன். முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், இப்படிப் போறேன்னு. மூணு நாளாச்சு, அவரு என்கிட்டப் பேசலை. திங்கக்கிழமை ஆபீஸ் போனா எனக்கு நாற்காலி இருக்குமான்னு தெரியாது.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் லயன்லதான் இருப்பாங்க. இல்லைங்க, நான் தனியா வரலை. அதோ, டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி நீலச் சட்டை போட்டிருக்காரு பாருங்க, அவருதான் அருளப்பன். பக்கத்துல அவரு சம்சாரம். மூணு பேரு சீட்டுதான் அது. நான் உக்காரப் போனப்ப அந்தம்மா பையை எடுத்து நடுவுல வெச்சுட்டாங்க. அதான் இங்க வந்தேன், உங்க பக்கத்துல.

அவரு மடியில பளபளன்னு தெரியுதே, அது அந்த நாலு வரிங்க. நான் பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். ஜெராக்ஸ் கடையில குடுத்து லேமினேட் பண்ணிட்டாரு. பேட்டரி எம்பத்தெட்டுன்னு இருக்கற வரிக்குக் கீழ பொண்ணு சிவப்புல கோடு போட்டுக் குடுத்திருக்கு. பொள்ளாச்சியில இருந்து அதையேதான் பார்த்துட்டு வர்றாரு. இங்கிலீஷ் தெரியாது, ஆனா எந்த வரின்னு தெரிஞ்சு போச்சு.

ஒண்ணு கேக்கறேன் சார், மூணாவது மனுசரா நீங்க சொல்லுங்க. அங்க பேசறப்ப, அந்த ரூல் பொதுவா சரியான ரூல்தான், உலகத்துல எல்லாரும் போடறதுதான்னு ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா? விளக்கத்துக்காகத்தான். அவங்க என்னைத் தப்பா...

வேண்டாங்களா.

சரிங்க. வேண்டாம்.

ஸ்டாப் வந்துருச்சு. நீங்க உக்காருங்க, உங்களுக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்குது. மகளைக் கேட்டதாச் சொல்லுங்க.

பாருங்க சார், அந்தம்மா திரும்பிக் கூடப் பார்க்காம இறங்கிட்டாங்க. இவரு பாருங்க, எனக்காக நின்னுட்டு இருக்காரு. என் பைக்குக் கை நீட்டறாரு.

அண்ணே, வேண்டாம்ணே. விடுங்கண்ணே, நானே எடுத்துக்கறேன். நீங்க முன்னால நடங்க.